கஸ்தூரி லாட்ஜின் கறுப்பு வெள்ளைக் கடல்

எழுபத்தாறு மணி நேரம் கஸ்தூரி லாட்ஜின் மாடிக் கூடத்தில் கடல் இருந்தது. 1984ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது; செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குப் போனது. கூடம் பன்னிரண்டு அடிக்குப் பதினெட்டு அடி. கடல் அதைவிடப் பெரியது. திருவண்ணாமலைக்காரர்கள் கடல் பார்க்க வேண்டும் என்றால் பாண்டிச்சேரிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். அந்தச் செலவு மிச்சம் என்று தேரடித் தெரு ஜனங்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கூடத்து வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் ஒரே குறைதான் சொன்னார்கள். கடல் கறுப்பு வெள்ளையில் இருந்தது. நுரை வெள்ளை, தண்ணீர் சாம்பல், ஆழமான இடம் கறுப்பு. மேற்கு ஜன்னலில் தெரிந்த மலை மட்டும் எப்போதும்போல் கலரில் இருந்தது. இன்றைக்கும் அந்தக் கூடத்துச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் உப்புப் பூத்த கோடு ஒன்று உண்டு. தங்க வருகிறவர்கள் கேட்டால், கடல் வந்துச்சுங்க என்று கவுண்டரில் சொல்வார்கள். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

கடல் கறுப்பு வெள்ளையில் இருந்ததற்குக் காரணம் ராஜேந்திரன். லாட்ஜுக்குக் கீழே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அவன்தான் அதைக் கொண்டுவந்தவன். நிஜக் கடலை அவன் பார்த்ததில்லை. கொட்டகையில் பழைய படங்களில் பார்த்ததோடு சரி. ஆனால் வந்த கடல் அன்று மாலையே போகாமல் நான்காம் நாள் வரை தங்கியதற்குக் காரணம் அவன் இல்லை. வேதா ஒரு விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்ததுதான் காரணம்.

இதற்கெல்லாம் மூலமான ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். 1978இல் ஏழாம் நம்பர் அறையில் சில மாதம் தங்கி, தினமும் ஆசிரமத்துக்கு நடந்து போய் வந்து, ஒரு நாள் எல்லாவற்றையும் துறந்துவிட்டதாகச் சொல்லி விமானம் ஏறி ஊருக்குப் போனார். துறந்தவற்றில் ஓர் அட்டைப்பெட்டியும் இருந்தது. லாட்ஜை நடத்திவந்த கஸ்தூரி அதை பீரோ மேல் போட்டு வைத்தாள். வாடகைக்கு வந்தவர்கள் விட்டுப்போன எதையும் எறியாத பெண் அவள். அந்த பீரோ மேல் ஒரு செயற்கைப் பல்செட்கூட இருந்தது. 1981 தீபத்துக்கு வெள்ளையடிக்கும்போதுதான் பெட்டியைத் திறந்தாள். உள்ளே கரையான் பாதி தின்ற இங்கிலீஷ் புத்தகங்கள் சிலவும், விதவிதமான முகம் வைத்த ஐந்து பிளாஸ்டிக் கட்டைகளும் இருந்தன. ரேடியோ சாமானாக இருக்கும் என்று ராஜேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். தன் டிரான்சிஸ்டரை வாங்கிப்போக வந்திருந்த வேதாவும் அவன் பின்னால் படியேறி வந்தாள். கட்டைகளைப் பார்த்ததும் எடுத்து, நாலு முகம், ஆறு, எட்டு, பன்னிரண்டு, இருபது என்று வரிசையாக வைத்தாள். "எல்லா முகமும் ஒரே மாதிரி வர்ற மாதிரி இந்த அஞ்சுதான் செய்ய முடியும். ஆறாவது கிடையாது," என்றாள். அந்த வருஷம் வெளியாட்களிடம் அவள் பேசிய மிக நீண்ட பேச்சு அது.

வேதா வேலூரில் பௌதிகம் படித்தவள். மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை. விவசாயிகள் மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வரும் மண்ணைச் சலித்து, கரைத்து, களரா உவரா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் சொல்ல மாட்டாள், எழுதிக் கொடுப்பாள். டவுன் பஸ்ஸில் இறங்குமிடம் வந்தால் நிறுத்துங்கள் என்று சொல்ல வாய் வராமல் கீழ்பென்னாத்தூர் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வருவாள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் பரசுராமன் அவள் முகத்தைப் பார்த்தே விசில் கொடுக்கப் பழகிக்கொண்டான். அவனுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள். மதியம் சாப்பிட்டதும் மனைவி கன்னியம்மாளுக்குத் தெரியாமல் லாட்ஜ் மாடிக்கு வந்து காற்றாடிக்குக் கீழே தூங்குவான். கன்னியம்மாளுக்கு அது தெரியும்.

புத்தகத்தில் கரையான் விட்டுவைத்ததைப் படித்துச் சொன்னவர் மூன்றாம் நம்பர் அறையில் நிரந்தரமாகத் தங்கியிருந்த சக்கரவர்த்தி. ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட்கிளார்க். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் சொன்னதன் சாரம் இதுதான்: ஒருத்தர் சொல்ல வேண்டும், மற்றவர்கள் சொல்லப்படுவதற்கு உள்ளே இருக்க வேண்டும், அவர்கள் செய்ய நினைப்பது நடக்குமா நடக்காதா என்பதைக் கட்டை உருண்டு தீர்மானிக்கும். யார் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படித்த பெண் என்று வேதாவின் பக்கம் நாற்காலியைத் தள்ளினார்கள். மறுக்கவும் கூச்சமாக இருந்ததால் அவள் உட்கார்ந்தாள். மற்ற நால்வரும் எதிரே பாயில் உட்கார்ந்தார்கள். "ஒரு காடு. மழை வரப் போகுது," என்றாள் வேதா. மழை வந்தது. நான்கு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். நாற்காலியில் இருந்தவள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. பரசுராமன் நிமிர்ந்து ஓட்டைத் தேடினான். "இங்கிலீஷ் புஸ்தகம்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் சக்கரவர்த்தி.

அன்று வேதா மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். நடுவில் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. இன்னைக்குப் போதும் என்று அவள் சொன்னதும் காடு போய்விட்டது. கஸ்தூரியின் கொசுவத்தில் இரண்டு நெருஞ்சி முள் மட்டும் மிச்சம் இருந்தன. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடினார்கள். தீபத்தின்போதும், அறை கிடைக்காத பௌர்ணமிகளிலும் மட்டும் ஆட்டம் கிடையாது. கீழே தண்ணீர் சொட்டும் என்பதால் ராஜேந்திரன் சனிக்கிழமைகளில் ரேடியோக்களை பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டு வருவான். சாவிக்கொத்தை இடுப்பைவிட்டு எடுக்காத கஸ்தூரி ஆட்டத்தில் பூட்டு உடைக்கும் திருடி. கோப்புகளுக்கு நடுவே இருபது வருஷம் மூச்சுவிடாமல் இருந்த சக்கரவர்த்தி, கோபம் வந்தால் யாரும் நிறுத்த முடியாத வாள்வீரர். நாளெல்லாம் கத்தும் பரசுராமன் மௌனச் சாமியார். ராஜேந்திரன் வில்லாளி, அம்பு ஒன்றும் பட்டதில்லை.

வேதாவின் குகையில் காவல் நின்ற ராட்சசனுக்குப் பல்வலி இருந்தது. இவர்கள் வாளை உருவியதும் அவன் வாயைத் திறந்து காட்டினான். சக்கரவர்த்தி வாளைக் கீழே போட்டுவிட்டுக் கிராம்பு தேடப் போனார். கிராம்பு கிடைக்க மார்கழி ஆகிவிட்டது. ஒரு ராணி பல்லாங்குழியில் கள்ளாட்டம் ஆடி நாட்டை வைத்துத் தோற்றாள். நாட்டைத் திருப்பிக் கொடுத்தால் வேண்டாம் என்றாள். அடுத்த வாக்கியம் என்ன என்று வேதாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு சொல்லில் பரசுராமனின் கை மயிர் எழுந்து நிற்கும்; இன்னொரு சொல்லில் படுத்துக்கொள்ளும். நான்கு பேர் நனைவதை நனையாமல் இருந்து பார்க்கும் அந்த உலர்ந்த நாற்காலி அவளுக்கு உலகத்தில் எதையும்விடப் பிடித்திருந்தது. வாரம் முழுக்க மண்ணைச் சலிக்கும்போது மனசுக்குள் அடுத்த சனிக்கிழமையைத்தான் சலித்துக்கொண்டிருப்பாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

சிக்கலுக்கு விதை போட்டவன் பரசுராமன். ஆட்டத்தை என்னவென்று சொல்வது என்று தெரியாத ஆரம்ப நாட்களில் ஒருமுறை, "நாங்க எலை போட்டு உக்காந்துகினு கீறோம், நீ கொண்டாந்து கொட்டிகினே கீற. கல்யாணப் பந்தி மாதிரிதான்," என்றான். பெயர் நின்றுவிட்டது. சொல்பவர் பரிமாறுகிறவர், மற்றவர்கள் பந்தியில் உட்காருகிறவர்கள் என்றே பேச்சு வழக்கம் ஆனது. மூன்று வருஷம் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

1984 ஆனியில் அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணத்துக்குக் கஸ்தூரி போனாள். அங்கே சாம்பார் வாளியோடு மூன்று பந்தி பரிமாறிய பெண் ஒருத்தி, நாலாவது பந்திக்கு அப்பளம் எடுக்கக் குனிந்தவள், பசி மயக்கத்தில் அப்படியே விழுந்தாள். தண்ணீர் தெளித்து உட்கார வைத்து, முதல் கவளத்தைக் கஸ்தூரியே ஊட்டினாள். திரும்பி வந்தவள் மற்ற மூவரையும் மாடிக்குக் கூப்பிட்டு, அழுதாள். "மூணு வருஷமா நம்ம வேதா பரிமாறிகினே கீது. ஒரு வாரமாவது நீ உக்காரு கண்ணுனு சொன்னோமா? நம்ம வயிறுதான் வயிறா?" ராஜேந்திரன் தலையைக் குனிந்துகொண்டான். பரசுராமன், "எனக்குத் தோணவே இல்லக்கா," என்று மூக்கைத் துடைத்தான். அந்த ஊரில் பரிமாறுகிறவர்களை உட்கார வைக்காமல் எழுந்து கை கழுவிப்போவதைவிடப் பெரிய குற்றம் அதிகம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை வேதா வந்தபோது நாற்காலியில் சக்கரவர்த்தி உட்கார்ந்திருந்தார். பாயில் நடு இடத்தைத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"உக்காரு கண்ணு. இனிமே நீ சாப்பிடு, நாங்க பரிமாறுறோம்."

"பரவாயில்லக்கா."

"அட உக்காருன்னா."

"வேணாங்க்கா, நான் அங்கேயே..."

"பாத்தியா, எப்பிடி வெக்கப்படுது பாரு!"

"நிஜமா வேணாங்க்கா."

மூன்று முறை வேண்டாம் என்பது பந்தியில் மரியாதை. பசித்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். நான்காவது முறை சொன்னால் கோபம், சம்பந்திச் சண்டை என்று அர்த்தம். வேதாவுக்கு யார் மேலும் கோபம் இல்லை. மூன்றோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். அவளைத் தற்செயலாகக்கூட யாரும் மறுபடி வேலை வாங்கிவிடக் கூடாது என்று சக்கரவர்த்தி உடனே ஒரு விதி செய்தார்: இனிமேல் நாற்காலியை யாரும் யாரிடமும் தள்ளக் கூடாது, எனக்குப் பரிமாற வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பவருக்குத்தான் நாற்காலி. எல்லோரும் கை தட்டினார்கள். வேதாவும் தட்டினாள்.

சக்கரவர்த்தியின் கதையில் மாயக் குகை வந்தது. கதவைத் திறந்தால் உள்ளே மனுக்கள் வாங்கும் ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்கு முன்னால் வரிசை. வேதா ஒரு பூதத்துக்குப் பின்னாலும் ஒரு கந்தர்வனுக்கு முன்னாலும் நாலு மணி நேரம் நின்றாள். அவள் முறை வந்தபோது, இந்தக் குகைக்கு வேலூரில்தான் அனுமதி வாங்க வேண்டும் என்றார்கள். கால் வீங்கிவிட்டது. "எப்படிம்மா இருந்தது?" என்று சக்கரவர்த்தி கேட்டார். அவர் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் மின்னின. "ரொம்ப நல்லா இருந்தது சார்," என்றாள் வேதா. அதனால் அவர் அதற்கடுத்த வாரமும் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு பரசுராமன் கேட்டான். அவன் கதையில் காடு, மலை, பாதாளம் எல்லாம் எட்டு நிமிஷத்தில் முடிந்தன. "எறங்கு எறங்கு, அரக்கன் வந்துட்டான், வெட்டு, ஏறு ஏறு, போலாம் ரைட்!" ராஜேந்திரன் ஜன்னல் ஓரம் போய் வாந்தி எடுத்தான்.

கஸ்தூரி பரிமாறியபோது யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை. வழியில் பார்த்த ராட்சசிகள் எல்லோரும் கை கழுவச் சொல்லி இலை போட்டார்கள். எழுந்திருக்கும்போது பரசுராமனின் சட்டைப் பொத்தான் தெறித்தது. இரண்டாவது வாரம் அவள் வேதாவுக்கு ஓர் இளவரசனைப் பார்த்துவிட்டாள். நல்ல உயரம், சாந்த குணம், வைரக் கடுக்கன், மாமியார் கிடையாது. "நல்ல எடம் கண்ணு, கட்டை வேற இருபது விழுந்துச்சு," என்று தாலி கட்டும் வரை போனாள். அந்த நேரம் கீழே அறை கேட்டு ஆள் வந்ததால் பாதியில் எழுந்து ஓடினாள். திரும்பி வந்து பொதுவாக இன்னைக்குப் போதும் என்றாளே ஒழிய இளவரசனைத் தனியாக முடித்துவைக்க மறந்துவிட்டாள். அவன் தங்கிவிட்டான். சும்மா நிற்கிறானே என்று கஸ்தூரி அவனைக் கவுண்டரில் உட்கார வைத்தாள். கணக்கு வராது, ஆனால் தங்க வருகிறவர்களுக்கு அவன் எழுந்து வணக்கம் சொல்லும் விதம் பிடித்திருந்தது. வேதாவைப் பார்த்தால் இரண்டு பேரும் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

வேதா நனைந்தாள், சளி பிடித்தது, துவட்டிக்கொண்டாள். நனைவது எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அவ்வளவுதான். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அதற்குப் பின்னால் யார் இருக்க வேண்டும் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். வாரத்தில் மூன்று மணி நேரமாவது ஓடிய அவள் குரலுக்கு இப்போது அதுவும் இல்லை. ஆடி முடிவில் ஒரு நாள் வேலை செய்யும் இடத்தில் தும்மினாள். கைக்குட்டையில் செந்நிறப் பொடி விழுந்தது. சோதித்துப் பார்த்தாள். இரும்புத் துரு. மறுநாள் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு என்னம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். கீல் மாதிரி ஒரு சத்தம் வந்தது, பிறகுதான் சொல் வந்தது. பயன்படுத்தாத எந்த இயந்திரத்துக்கும் அப்படி ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் உத்தேசமாகக் கணக்குப் போட்டாள். கணக்கு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நிலையில்தான் ராஜேந்திரன் கேட்டான். தனக்கு வராது என்று அவ்வளவு நாள் ஒதுங்கி இருந்தவன். நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, "ஒரு படகு. நீங்க நாலு பேரும் அதுல கீறீங்க. சுத்தி கடல்," என்றான். சொன்னபடி ஆயிற்று. கூடத்துச் சுவர்கள் தூரம் போயின. வடக்குச் சுவரின் கடிகாரம் அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே சந்திரன் மாதிரி தொங்கியது. வாசற்படி கரையாகி எட்டிப் போனது. ராஜேந்திரன் நாற்காலியைச் சுற்றி மட்டும் அலை விலகி ஓடியது; அவன் வேட்டி மொடமொடவென்று உலர்ந்தே இருந்தது. அந்த வேட்டியைப் பார்க்க வேதாவுக்குப் பொறாமையாக இருந்தது. அவன் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. தன் வாழ்நாளில் முதன்முதலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்து மணிக்கு அவன், "இன்னைக்குப் போதும்," என்றான். கடல் போகவில்லை. மனசார இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள். சொன்னான். "போகணும்னு எனக்கே இல்லீங்களே சார்," என்று ஒத்துக்கொண்டான். சக்கரவர்த்தி வாய்விட்டுக் கேட்டு நாற்காலியை வாங்கினார். படகு நாற்காலி பக்கம் ஒதுங்கியபோது ஒருவர் ஏற ஒருவர் இறங்க அவ்வளவுதான் இடம் இருந்தது. அவர் நடுக்கடலில் ஒரு சுங்கச் சாவடி வைத்தார், கடல் விண்ணப்பித்துவிட்டு வெளியேறலாம் என்று. கடலுக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. சாவடிக்கு முன்னால் படகுகள்தான் வரிசையாகச் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி கேட்டு வாங்கி, மீன்கள் பாவம் என்று பொரி போட்டாள். மீன்கள் பெருகின. பரசுராமன் வாங்கி விசில் கொடுத்ததில் படகு கரையிலிருந்து இன்னும் ஒரு ஸ்டாப் தூரம் தள்ளிப் போனது. கடைசியில் நாற்காலி மறுபடி ராஜேந்திரனிடமே வந்தது. மூவரும் படகில் வேதாவுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அவள் மேல் அலை தெறிக்காமல் துண்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவளை மட்டும் யாரும் கேட்கவில்லை. "அவள எழுப்பாதீங்க. இப்பதான் பாவம் உக்காந்துகீது," என்று கஸ்தூரி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எழுந்து போகலாம் என்றால், பந்தியில் பாதியில் எழுந்திருப்பது பரிமாறுகிறவனை அவமானம் செய்வது. ராஜேந்திரன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை.

கடலை எப்படி முடிப்பது என்று வேதாவுக்குச் சனிக்கிழமை மூன்றேகால் மணிக்கே தெரியும். ஒரு வாக்கியம் போதும். ஆனால் அதைச் சொல்ல நாற்காலி வேண்டும். நாற்காலிக்கு வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்டால், மூன்று வருஷமாகப் பரிமாறினாளே என்று அவர்கள் பாவப்பட்டதெல்லாம் தப்பு என்று ஆகிவிடும். கஸ்தூரி அக்கா அழுத அழுகைக்கு என்ன பதில்? உப்புக் காற்று அடித்துக்கொண்டே இருந்தது. உப்புக் காற்றில் இரும்பு எவ்வளவு சீக்கிரம் அரிக்கும் என்று அவள் படித்திருந்தாள். திங்கட்கிழமை காலை ராஜேந்திரன் நல்லா இருக்குதா என்று கேட்டதற்கு அவளால் தலையைத்தான் ஆட்ட முடிந்தது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொண்டைக்குள் எதுவோ கடைசியாக இறுகிக்கொண்டு வருவது தெரிந்தது. இன்று சொல்லாவிட்டால் இனி எப்போதும் இல்லை.

கரையில் இளவரசன் மூன்று நாளாக இட்லிப் பொட்டலங்களைத் தாம்பாளத்தில் வைத்து மிதக்கவிட்டுக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை மாலை அவனை ஒதுக்கித் தள்ளிவிட்டுக் கன்னியம்மாள் வாசற்படியில் வந்து நின்றாள். புடவையை முழங்காலுக்குச் சொருகிக்கொண்டு கடலில் இறங்கி, இடுப்பளவு தண்ணீர் வரை வந்து நின்று கத்தினாள்.

"யோவ்! மூணு நாளா வண்டி கண்டக்டர் இல்லாம நிக்குது. மொதலாளி ஆள் அனுப்பிட்டாரு. உன் வூட்டுக்காரன் எங்கனு கேட்டாங்க. கடல்ல கீறாருனு சொன்னேன். எந்தக் கடல்னு கேக்கறாங்க, நான் இன்னானு சொல்றது?"

"கறுப்பு வெள்ளைனு சொல்லு," என்றான் பரசுராமன்.

"கொழுப்பு ஜாஸ்தியாயிடுச்சு உனக்கு. எழுந்து வா!"

"பந்தியில பாதியில எழுந்திருக்கக் கூடாது கன்னியம்மா. பையன் மனசு கஷ்டப்படும்."

"எந்தப் பையன்? தோ, மொடமொடனு வேட்டி கட்டிகினு உக்காந்துகினு கீதே, அதுவா? ஏம்பா, நீ எழுந்திரேன்!"

"யாராவது கேட்டாத்தான்க்கா எழுந்திருக்க முடியும். சார் போட்ட ரூல்," என்றான் ராஜேந்திரன். அவன் குரல் அழுகிற மாதிரி இருந்தது. அவனுக்கும் பசித்தது; பரிமாறுகிறவன் நடுவில் சாப்பிடக் கூடாது.

கன்னியம்மாள் படகில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் ஆட்டம் ஆடியவள் இல்லை. யார் பரிமாறினார்கள், யார் பசித்திருந்தார்கள் என்ற கணக்கு எதுவும் அவளிடம் இல்லை. நடுவில் துண்டுகளுக்கு இடையே ஒடுங்கி உட்கார்ந்திருந்த பெண்ணின் மேல் அவள் கண் நின்றது.

"ஏம்மா வேதா. இவுங்கல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. உனக்கு இன்னா வேணும்?"

"அவள விடுங்க. பாவம், அது இப்பதான்..." என்று கஸ்தூரி ஆரம்பித்தாள்.

"நான் அதைக் கேட்டேன். உன்ன கேக்கல."

வேதா வாயைத் திறந்தாள். முதலில் துருதான் விழுந்தது. மடியிலும் படகு விளிம்பிலும் விழுந்து, கடலில் கொஞ்சம் விழுந்தது. அந்தக் கறுப்பு வெள்ளைத் தண்ணீரில் அது மட்டும் செக்கச்செவேல் என்று மிதந்து போனது. வாசற்படியில் நின்ற குழந்தைகள் கை நீட்டிக் காட்டின. பிறகு கீல் சத்தம். சக்கரவர்த்தி பயந்து அவள் முதுகைத் தடவினார். அவள் அவர் கையை மெதுவாக எடுத்து அவர் மடியிலேயே வைத்தாள்.

"வேணாங்க்கா," என்றாள் கஸ்தூரியைப் பார்த்து.

"இன்னா கண்ணு வேணாம்? வெக்கப்படாம சொல்லு."

"உக்கார வேணாம். இது நாலாவது தடவை."

கஸ்தூரியின் கையில் இருந்த துண்டு நழுவியது. வேதாவுக்கு முகம், காது, கழுத்து எல்லாம் சிவந்துவிட்டது. ஆனால் அடைத்துக்கொண்டிருந்தது உடைந்துவிட்டது. அவள் குரல் மூன்று வருஷச் சனிக்கிழமைகளில் இருந்தது மாதிரி, தெளிவாக, கரையில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வந்தது.

"கோபம் இல்லக்கா. யார் மேலயும் இல்ல. நீங்க நெனச்ச மாதிரி நான் பசியா இருந்ததே இல்ல. ஒரு நாள்கூட இல்ல. எனக்கு உக்காந்து சாப்பிடப் பிடிக்கல, பரிமாறத்தான் பிடிக்கும். எந்திரிங்க ராஜேந்திரன், அந்த நாற்காலி எனக்கு வேணும்."